வெண்ணெய் உருண்டையின் பொந்து

எங்கள் ஏரிக்கு வரும் ஒரு வாத்துக்கு எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் வெண்ணெய் உருண்டை. இலையுதிர்காலத்தில் அப்படிக் கொழுத்திருக்கும். உருவம் சின்னது, முங்கினால் எங்கே எழும் என்று சொல்ல முடியாது. ஆனால் கூடு வைப்பது மரத்தில். மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்துக்குள் நுழைந்து, தன் மார்பு இறகையே பிய்த்துப் பரப்பி முட்டையிடும். பொந்து பிடித்துப்போனால் மறு வருஷமும் அங்கேதான்.

கனடாவின் கால்கரி நகரத்துப் பல் டாக்டர் கிரெய்டன் ஏரிக்கரையில் வீடு கட்டியதே இந்த வாத்துகளைப் பார்க்கத்தான். அவர் ஜன்னலை மறைத்து ஒரு பட்ட ஆஸ்பென் மரம் நின்றது. வாத்து இருந்தது அந்த மரத்தில்.

மரத்தை வெட்ட டாக்டர் கூப்பிட்டது மரவெட்டியான என் அப்பா டிமித்ரோவை. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விலங்கியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், அப்பா வெட்டும் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பொந்துள்ள மரம் என்றால் எங்கள் ஆட்கள் முதலில் கோடரியின் பின்பக்கத்தால் தட்டுவார்கள். உள்ளேயிருந்து ஏதாவது தலையை நீட்டினால் கோடை முடியும்வரை அந்த மரத்தைத் தொடமாட்டார்கள். நல்ல வழக்கம்தான். மரங்கொத்திக்குச் சரி, குருவிக்குச் சரி. குஞ்சு பொரிக்கப்போகிற வெண்ணெய் உருண்டை மட்டும் எவ்வளவு தட்டினாலும் அசையாது. முட்டைமேல் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அப்பா தட்டினார். ஒன்றும் வரவில்லை.

"காலி," என்றார்.

காலியில்லை என்றேன். போன வாரம் விடிகாலையில் அது உள்ளே நுழைந்ததை நானே பார்த்ததாகச் சொன்னேன். அதிகம் போனால் பத்து நாள் பொறுத்தால் குஞ்சுகள் தாமே குதித்து ஏரிக்குப் போய்விடும், அப்புறம் வெட்டலாம் என்றேன். சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்களே என்றார் டாக்டர். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். வேண்டுமானால் ஏணி தருகிறேன், நீயே ஏறிப் பார் என்று உள்ளே போனார்.

அப்பாவின் காது சிவந்துவிட்டது.

"நாப்பது வருஷமா தட்டிட்டிருக்கேன்டி. இப்ப நீ ஏணி வெச்சு என்னைச் சோதிக்கப் போறியா? அந்தாளு முன்னாடி?"

"உங்களை இல்லப்பா. பொந்தைத்தான் பார்க்கறேன்."

"படிச்ச பொண்ணு. தள்ளி நில்லு. மரம் விழுறப்போ சர்டிஃபிகேட் பார்த்து விலகாது."

டாக்டர் ஏணியோடு திரும்பி வருவதற்குள் அப்பா மோட்டார் ரம்பத்தை இயக்கிவிட்டார். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மரம் பொந்து இருந்த இடத்தில் இரண்டாகப் பிளந்து விழுந்தது. கடைசிவரை உள்ளேயே இருந்த தாய் அப்போதுதான் வெளியே வந்தது. ஒரு இறக்கை சரியாக விரியாமல் தடுமாறி ஏரியில் போய் விழுந்தது.

சாம்பல் நிற இறகுக்குள் முட்டைகள். பாதி உடைந்திருந்தன. உடையாத ஒன்றின் ஓட்டில் உள்ளேயிருந்து கொத்திய விரிசல். காதில் வைத்தேன். உள்ளே கீச்சென்றது.

டாக்டர் ஓடிப்போய், தான் வர்ணம் அடித்து மாட்டியிருந்த கூட்டுப்பெட்டியில் மிச்ச முட்டைகளை வைத்தார். அம்மா வாத்து வந்து உட்கார்ந்துகொள்வாள் என்று என்னைத் தேற்றினார். அவள் வந்தாள். அந்தப் பெட்டிக்கு இல்லை. அந்த இறக்கையைச் சாய்த்தபடியே பொந்து இருந்த உயரத்துக்கு நேராகப் பறந்து வந்து, அங்கே ஒன்றும் இல்லாத காற்றில் தடுமாறி, திரும்பிப் போய், மறுபடியும் வந்தாள். டாக்டர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.

"இப்பதான் தெளிவா தெரியுது," என்றார்.

விறகை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அப்பா பெரிய சாலைக்கு வண்டியைத் திருப்பினார்.

"வீட்ல வெச்சுச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்," என்றார் பிறகு. "அந்த ஆள் எதிர்ல சொன்னியே."

"வீட்லயும் சொன்னேன். ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு மேசையில. நீங்க உப்பைத் தள்ளுன்னு சொன்னீங்க."

அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். நானும் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். வீடு வரும்வரை வண்டிக்குள் காற்றின் இரைச்சல் மட்டும்தான்.