மூன்று மீட்டர் தள்ளி

பேட்டரி தீர்ந்து கார் கதவு திறக்காமல் போனதும் அவர் முதலில் செய்த காரியம், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். மனைவி சமையலறை ஜன்னலில் நின்று நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

முதல் தடவை, அவளுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். சொந்தக் காரில் ராணி மாதிரி கூட்டிப் போகிறேன் என்று ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்ட மனிதர், கடைசியில் வாடகை வண்டியில் அசடு வழிய உட்கார்ந்து போனார். அடுத்த மாதம் இடது கண். அதற்கும் வாடகை வண்டிதான். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், "இன்னொரு தடவை படுத்துதுன்னா நீங்களே எடுத்துட்டுப் போய் வித்துடுங்க மாப்பிள்ளை" என்று போனில் வாய்விட்டுவிட்டார். மாப்பிள்ளை சொன்ன சொல்லை மறக்கிற ரகம் இல்லை. மனைவியோ, மகளிடம் எதையும் மறைக்கிற ரகம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கார் படுத்தது. எட்டேகாலுக்கு மகள் காதுக்குப் போய்விட்டது. எட்டரைக்கு, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து காரை எடுத்துப் போவதாகத் தகவல் வந்துவிட்டது.

அவர் முப்பத்தைந்து வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அத்தனை வருடமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர். ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பெரிய பொருள் இந்தக் கார். சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறக்கலாம், பொத்தானை அழுத்தினால் கிளம்பும். ஆனால் அவருக்குக் கார்ப் பைத்தியம் ஒன்றும் கிடையாது. வாரக்கணக்கில் அதைத் தொடக்கூட மாட்டார். அவளுக்கு ஒன்று என்றால் அடுத்தவனைக் கூப்பிடாமல் தானே கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதைத்தான் இந்தப் பேட்டரி காலை வாரிக்கொண்டே இருந்தது.

மெக்கானிக் வந்தார். சாவிக்குள் ஒளிந்திருந்த சின்ன உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறந்தார். பானெட்டைத் தூக்கி, செங்கல் அளவுக்கு இருந்த, சார்ஜ் ஏற்றிய ஒரு பெட்டியின் சிவப்புக் கவ்வியைப் பேட்டரியிலும், கறுப்புக் கவ்வியை இன்ஜின் பக்கத்து இரும்பிலும் மாட்டினார். பொத்தானை அழுத்தியதும் கார், இதுவரை என்ன நடந்தது என்பதே தெரியாத மாதிரி, கிளம்பியது.

"பேட்டரி மேல தப்பே இல்ல சார். வண்டிக்குள்ள ஏதோ ஒண்ணு ராத்திரி பூரா தூங்காம கரண்ட்டைக் குடிக்குது. நாலு நாள் ஷெட்ல விட்டாத்தான் என்னன்னு பார்க்க முடியும்."

நாலு நாளுக்கு எங்கே போவது? ஞாயிறுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிப் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் ஏற்றிவிட்டு வந்து, சாவியை வழக்கமான கொக்கியில் மாட்டினார். கூடத்துச் சுவரில் அவரே ஆணி அடித்து மாட்டிய கொக்கி அது. பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கார் கையேட்டை அவர் படிக்காமல் இருந்தால்தானே குறை சொல்ல? நானூற்றுப் பத்துப் பக்கத்தையும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்திருந்தார். அறுபத்திரண்டு பிழை. பட்டியல் போட்டுக் கம்பெனிக்கே கடிதம் எழுதினார். அவர்கள் நன்றி சொல்லி ஒரு சாவிக்கொத்து அனுப்பியிருந்தார்கள்.

மனைவி அந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கண்ணாடி போடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பது அவளுக்குப் புதுப் பழக்கம். மருந்துச் சீட்டு, சோப்பு உறை, எதையும் விடுவதில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"ஏங்க, இதைப் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் படிச்சாச்சு."

"'சாவியை வண்டியிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி வைக்கவும். அருகில் இருந்தால் வண்டி உறக்க நிலைக்குச் செல்லாமல் பேட்டரி தீரக்கூடும்.' கடைசியில முற்றுப்புள்ளியை விட்டுட்டான். நீங்க சிவப்புல வச்சிருக்கீங்க."

அவர் சுவரைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கொக்கியில் சாவி தொங்கியது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான், மூக்கை ஒட்டிக்கொண்டு, கார் நின்றது. ஒரு முழம்கூட இருக்காது.

முப்பத்தைந்து வருடமும் அவர் அப்படித்தான் படித்திருந்தார். எழுத்தைப் பார்ப்பார், புள்ளியைப் பார்ப்பார். சொன்ன விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எத்தனையோ சமையல் புத்தகங்களைத் திருத்தியவருக்கு இன்றுவரை ஒழுங்காகக் காபி போடத் தெரியாது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். டாக்டர் கண்ணைக் கசக்கக் கூடாது என்றிருந்ததால் அப்படியே வழியவிட்டாள். சிரிப்பு அடங்கியதும், வீட்டில் எத்தனையோ இடம் இருக்க இங்கே ஏன் மாட்டினீர்கள் என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நடுராத்திரியில உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, சாவியைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதான்."

 அவள் எழுந்து போய்ச் சாவியைக் கழற்றி, உள்ளறையில் தன் கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்தாள். நடந்து அளந்தால் எட்டு மீட்டராவது வரும். திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஒண்ணுன்னா நீங்க இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா?"



ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வந்தபோது காரும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. போன் செய்தார். மூடிக்கிடந்த மில்லுக்குப் பக்கத்துக் காலி மைதானத்தில், உரிமையாளரிடம் கேட்டு வாங்கிய ஒரு மணி நேர அனுமதியில், கார் ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் முதல் தடவையிலேயே கிளம்பிய கார். ஓட்டுநர் இருக்கையில் அவள். பக்கத்தில் அவர், இல்லாத பிரேக்கை மிதித்தபடி.

போன் அடித்த அதிர்ச்சியில் அவள் நிஜமான பிரேக்கை ஓங்கி மிதித்தாள். யார் என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை. காரை எடுத்துட்டுப் போக வந்திருக்காராம்."

"ரிவர்ஸ் இன்னும் பாக்கி இருக்கு," என்றாள் அவள், கண்ணை முன்னாலிருந்து எடுக்காமல். "காரைத் தர்றதா இல்லைன்னு சொல்லிடுங்க."