இடது கட்டும் வலது கட்டும்

துறையில் அவனுக்கு 'நார்' என்றே பெயர். வாழைநாரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் மேலே ஒட்டிய மெழுகு கழன்றுவிடும், மேலே ஊற்றும் பிசின் நாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்த்து வார்க்கும் தகடும் வலுக்கும். இதுதான் அவன் ஆய்வு. வலுத்தே தீரும் என்று பேராசிரியர் மாநாட்டில் பேசியே விட்டார். வலுத்தால் நாருக்குப் பட்டம். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் வாழைநார்.

அன்று ஆய்வக ஓவனைத் திறந்தவனுக்குத் தலை சுற்றியது. இரண்டு கட்டும் நன்றாகக் காய்ந்திருந்தன. 'ஊறியது', 'ஊறாதது' என்று ஒட்டிய சீட்டுகள் மட்டும் சூட்டில் பசை விட்டு, நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தான். வெளிச்சத்தில் இடது கட்டு வெளுப்பு. நிழலில் வலது கட்டு வெளுப்பு.

பேராசிரியரிடம் ஓடினான்.

"இதுக்கா இவ்வளவு பதட்டம்? ரெண்டுலயும் தகடு போட்டு இழுத்துப் பாரு. எது வலுவா இருக்கோ, அதுதான் ஊறினது."

"அப்போ ஊறினதுதான் வலுன்னு எப்படி சார் நிரூபிக்கிறது?"

"அதான் இழுத்துப் பாக்கப் போறியேப்பா!"

இது பதில்தானா என்று வெளியே வந்து யோசித்தான். பதில் மாதிரிதான் இருந்தது.

தகடு வார்த்து, இறுகவிட்டு, இயந்திரத்தில் மாட்டி இழுத்தான். இடது பொட்டென்று போனது. வலது வீம்பாகத் தாங்கியது. அப்பாடா, வலதுதான் ஊறியது என்று அவன் மூச்சு விடும்போது, பக்கத்து மேசையில் ஆய்வு செய்யும் மூத்த அக்கா கேட்டாள்.

"எவ்வளவு நேரம்டா ஊற வெச்ச?"

"கொஞ்சம்... தூங்கிட்டேன்க்கா."

"கெட்டுது போ! ரொம்ப ஊறினா நாரே இத்துப்போகும். இத்ததுதான் ஊறினதா இருக்கும்."

ஆக, வலுத்தாலும் ஊறியது, இற்றாலும் ஊறியது. ஊறாத நார் என்று உலகில் ஒன்று உண்டா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"முழிக்காத. மீந்த நார்ல ஒரு சொட்டு தண்ணி விடு. மெழுகு இருந்தா முத்தா நிக்கும்."

விட்டான். வலதில் முத்தாக நின்றது. இடது ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

பேராசிரியருக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"தண்ணியை மாத்திப் பாருப்பா."

மாற்றினான். குழாய்த் தண்ணீர், வடித்த நீர், அக்காவின் பாட்டில் தண்ணீர். எல்லாத் தண்ணீரும் ஒரே கட்சி.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்குமாம். தூங்குமூஞ்சியோடு சேர்ந்த நார் என்ன செய்யும்? 'ஊறியது' சீட்டை எடுத்து இற்ற கட்டின்மேல் வைத்தான். பசையை நம்பாமல், வலது கட்டிலிருந்து ஓர் இழை உருவி இரட்டை முடிச்சாகக் கட்டினான். இழுத்துப் பார்த்தான். அறவில்லை.

"அப்போ இன்னொரு வருஷமா?" என்றாள் அக்கா.

"முதல்ல ஒரு அலாரம் வாங்கணும்க்கா."