போயிட்டு வா

மயிலாப்பூர் வக்கீல் வேதாந்தம் முதன்முதலாக அடித்த கோல்ஃப் பந்து, கிண்டி மைதானத்தில் பனைமர உயரம் எழும்பி, பாதி வழியில் நின்று, திரும்பி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. 1931, தை மாதம். அடுத்த பந்தும் அப்படியே வந்தது. காற்று அப்படி என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்று காற்றே இல்லை.

அவருக்கு ஜட்ஜ் ஆக வேண்டும் என்று ஆசை. ஹைகோர்ட்டுத் துரைகள் காது கொடுத்துக் கேட்பது அந்தப் புல்வெளியில்தான் என்று யாரோ சொல்ல, பஞ்சகச்சத்தை அவிழ்த்துக் கால்சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கற்றுக்கொடுக்க வந்த ஆதம்பாக்கத்து பீர் முஹம்மது அவரைவிட இளையவன், வாய்த்துடுக்குக்காரன். மட்டையை இறுக்காமல் பிடிக்க, காலை அகட்டி நிற்க, இடுப்பைத் திருப்பி வீச, அடித்த பிறகும் தலையைத் தூக்காமல் இருக்க என்று ஒவ்வொன்றாக ஏற்றினான். எல்லாம் வந்தது. பந்தும் வந்தது, திரும்பி. ஒருநாள் அவன் அவர் உதட்டைக் கவனித்துவிட்டான்.

“இன்னா சார், பந்தாண்ட இன்னாவோ சொல்லிக்கினு கீறீங்க?”

“போயிட்டு வான்னு சொல்றேன். எங்காத்துல யார் கிளம்பினாலும் அப்படித்தான் சொல்லி அனுப்புவோம். வெறுமனே போன்னு சொல்லப்படாது.”

“அதான் வந்துடுது. அது இன்னா உங்க வூட்டு மாப்பிள்ளையா? போன்னு சொல்லுங்க சார்.”

பிணத்தைத் தூக்கும்போதுகூட அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது. மழைக்காலம் முழுக்கப் பழகினார். கடைசியில் சொல் நாக்கில் ஏறிய நாளில் பந்து சீறிப் போய், குழிக்குப் பக்கத்தில் விழுந்து அடங்கியது. வேதாந்தம் பழக்கத்தில் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். சில வருஷத்தில் அவர் மட்டையைத் தூக்கினால் துரைகள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். கோப்பை வாங்கினார். ஜட்ஜ் வேலைக்கு அவர் பெயர் அடிபட்டது.

பழகிய நாக்கு வீட்டிலும் அதையேதான் சொன்னது. தபால் போடக் கிளம்பிய குமாஸ்தா கிச்சாவிடம் ஒருநாள் வாய் தவறி “போ” என்றார். தபால் போய்ச் சேர்ந்தது, கிச்சா வரவில்லை. மேயப் போன பசு வரவில்லை. மந்தைவெளித் தயிர்க்காரியைத் தேடி அவள் புருஷன் வந்து வாசலில் நின்றபோதுதான் வேதாந்தத்துக்கு விஷயம் புரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பழைய வார்த்தையைச் சொல்லிப் பார்த்தார். ‘போ’ வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. வேறு எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அதுவே முந்திக்கொண்டது.

1936 ஐப்பசியில் அவர் மனைவி காமாக்ஷி, தங்கை நீரஜாவின் பிரசவத்துக்குக் காஞ்சீபுரம் கிளம்பினாள். ஜட்கா வந்து நின்றது. ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்து, வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தாள். காமாக்ஷி இல்லாத வீட்டை அவரால் நினைக்கவே முடியவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“போயிட்டு வான்னு சொல்லுங்கோ. அதைக் கேக்காம நான் என்னிக்குப் படி இறங்கியிருக்கேன்?”

உள்ளே வரும்படி கையைக் காட்டினார்.

“கிளம்பின காலைப் பின்னால வச்சா குடும்பத்துக்கு ஆகாதும்பா. நீங்க சொல்றவரைக்கும் நிக்கறேன்.”

நின்றாள். ரயில் போயிற்று. ஜட்காக்காரன் பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். காஞ்சீபுரத்தில் குழந்தை பிறந்து, நடக்கக் கற்று, பெரியம்மாவை வாசற்படியிலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கோர்ட்டும் மைதானமும் வேதாந்தம் இல்லாமலே நடந்தன. காமாக்ஷிக்குச் சாதம் பிசைந்து கொண்டுவருவார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில சமயம் அவர் உதடு தானாக அசையும். அவள் ஆவலோடு குனிந்து காதைக் கொடுப்பாள். அவர் மறு கையால் தன் வாயைப் பொத்திக்கொள்வார்.

விடியற்காலையில் வாசல் தெளிக்க வரும் செண்பகம், காமாக்ஷியின் வெளிப்பாதத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக் கோலம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.