பெரிய துரைசானியின் கறுப்புக் கவுன்

1906-இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே துரை வீட்டில் நான் ஆயா வேலை பார்த்தேன். அந்த வருஷம் துரையின் அம்மா சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். எங்களுக்கு அவர் பெரிய துரைசானி. பிறந்த வீட்டில் நூறு அறையாம். எழுபது வயதிலும் முதுகு வளையாமல் நாற்காலி நுனியில் உட்காருவார். அவருடைய இடுப்புக் கச்சையை இழுத்துக் கட்டும்போது எனக்குத்தான் மூச்சு முட்டும், அவருக்கு முட்டாது. மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் கழுத்து முதல் கால் வரை கறுப்புப் பட்டுதான். சீமையில் அதுதான் பெரிய இடத்து நிறம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விரலில் கல்யாண மோதிரம் வேறு. எதற்கெடுத்தாலும் "சர் எட்மண்டுக்குப் பிடிக்காது" என்பார்; அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். ஆகவே அவர் புருஷன், பெரிய துரை, சீமையில் சௌக்கியமாக இருக்கிறார் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம்.

என் ஒரே மகள் சீதாலெட்சுமிக்கு இரண்டு கரு கலைந்து, மூன்றாவது ஏழு மாதத்தைத் தொட்டது. ரயில்வே கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டிலேயே வளைகாப்பு வைத்தோம். நான் தாலி அறுத்தவள். என் கை பட்டால் பிள்ளைக்கு ஆகாதே என்று பயந்து, நானாகவே மூலையில் போய் நின்றேன். ஒரே ஒரு வளையலாவது போட்டுவிட மாட்டோமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மரியாதைக்குத்தான் அழைத்தேன். துரைசானி வந்தே விட்டார்! லயமே வாயைப் பிளந்தது. சம்பந்தி பவுனம்மாள் ஓடிப்போய் வளையல் தட்டை நீட்டினாள்.

"மொத வளையல தொரசானி போடட்டும். பழுத்த சுமங்கலி, வேற என்ன வேணும்?"

துரைசானி ஒரு வளையலை எடுத்தார். சுற்றிலும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து ஏதோ கேட்டார்.

"பெத்தவ ஏன் மூலையில நிக்கறான்னு கேக்கறாங்க" என்றார் வாசலில் நின்ற இராமலிங்கம், ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. எனக்குப் புருஷன் இல்லாததை அவரே இங்கிலீஷில் விளக்கினார்.

துரைசானி வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். இராமலிங்கத்தின் குரல் இறங்கிப்போயிற்று.

"அவங்களுக்கும் இல்லையாம். முப்பத்தஞ்சு வருஷமாச்சாம். இந்தக் கறுப்பே அந்தத் துக்கத்துக்குத்தானாம். மக கல்யாணத்தப்போ சர்ச்சுல தூணுக்குப் பின்னால உக்காந்து பாத்தாங்களாம். முன்னால வாங்கன்னு யாரும் கூப்பிடலையாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூறு அறை இருந்தும் இவருக்குக் கிடைத்தது ஒரு மூலைதானா!

துரைசானி கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, பலகைச் சுவரோரம் என் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். சீதாலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணையை விட்டு எழுந்தாள்.

"எந்திரிக்காதடி!" என்று பவுனம்மாள் கத்தினாள்.

அவள் கேட்கவில்லை. எங்களிடம் வந்து ஒரு கையை என்னிடமும் மறு கையைத் துரைசானியிடமும் நீட்டினாள்.

"ரெண்டு பேரும் போடுங்க. பெத்தவ கை பட்டு என் புள்ளைக்கு என்ன வந்துரும்?"

பவுனம்மாள் என்னவோ முணுமுணுத்தாள். பிறகு அவளே தட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு வந்தாள்.

பயம் என்னை விட்டுப் போகவில்லை. பயந்துகொண்டேதான் என் மகளுக்கு முதல் வளையலைப் போட்டேன்.