எண்பத்தைந்தாவது கையெழுத்து

"இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சின்ன மாமா சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். வாசலில் ஒட்டுவதற்காக மருமகள் எழுதி வைத்திருந்த தாளில், அத்தையின் பெயருக்குக் கீழே இருந்த 'தேசிய சபை முன்னாள் உறுப்பினர்' என்ற வரி வெட்டுப்பட்டது. 'படகுத்துறை டிக்கெட் கவுண்டர், ஓய்வு' என்ற வரியை மட்டும் விட்டுவைத்தார்.

"ஏன் மாமா அடிச்சிட்டீங்க?"

"பட்டியல்ல பேர் இல்லம்மா. நாலு பேர் வர்ற எடம். எவனாவது ஒருத்தன் கேட்டான்னா என்ன பதில் சொல்றது? போன உசிரோட மானமும் சேர்ந்து போகணுமா?"

முப்பத்தாறு வருஷம் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர் அவர். தாளில் இல்லாத எதுவும் அவரைப் பொறுத்தவரை உலகத்திலும் இல்லை. அதற்காக, சொந்த அக்காள் கூடத்தில் வெள்ளைப் போர்வைக்குள் படுத்திருக்கும்போது சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டுமா? மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வாடகை நாற்காலிகளை இப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மகன், அதாவது அவள் கணவன், அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். யாரோடு போய்ச் சண்டை போடுவது? அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்று நாளைக்கு முன்னால்தான் அத்தை கேட்டாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"ஏண்டி, நான் போயிட்டா அங்க எந்திரிச்சு நிப்பாங்களா?"

"எங்கத்தே?"

"சபையிலதான். பழைய மெம்பர் யாராவது செத்தா தலைவர் பேரைப் படிப்பாரு, அத்தனை பேரும் எந்திரிச்சு நிப்பாங்க. டி.வி.ல பாத்திருக்கேன். பிரதமரே நிக்கிறாரு."

"நிப்பாங்கத்தே. ஏன் நிக்க மாட்டாங்க?"

"பொய் சொல்றதுன்னா முகத்தைப் பாத்துச் சொல்லணும்" என்று சிரித்தாள் அத்தை. மருமகள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள். "நிப்பாங்க. நான் நிக்க வைக்கிறேன்." சும்மா ஒரு வேகத்தில் சொன்ன வார்த்தை. இப்போது அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

அவள் கொல்லைப்புறம் போய்க் குடை மெம்பருக்குப் போன் போட்டாள். மழை வந்தாலும் வராவிட்டாலும் கையில் குடையோடு திரிபவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். இந்த மாநிலத்துக்கு இப்போது தேசிய சபையில் இருக்கும் இரண்டு பேரில் அவர் ஒருவர். மற்றவர் டாக்டரம்மா.

"அடடா, போயிட்டாங்களா? நேத்துகூட நினைச்சேன்க்கா" என்றார். உண்மையாகவே வருந்தினார். "ஆனா பட்டியல்ல இருந்தாத்தான் படிப்பாங்க. நான் என்ன கத்தினாலும் நடக்காது. இன்னிக்குக் கூட்டத்தொடரோட கடைசி நாள் வேற. விட்டா இனி நாலு மாசம் கழிச்சுத்தான். பதிவறை மேடம் நம்பர் தர்றேன், பேசிப் பாருங்க. பதினோரு மணிக்கு சபை கூடுது."

இந்தச் சின்ன மாநிலம் நாட்டோடு சேர்ந்தபோது அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு நாற்காலி. பக்கத்து மாநிலத்துக்கு எண்பத்து நான்கு. முதலில் போனவரை ஊரில் 'தலையாட்டி' என்பார்கள். ஐந்து வருஷமும் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வந்து சேர்ந்தார். அடுத்தவர் 'கொட்டாவி'. அவரைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதாகப் போன வக்கீல் நன்றாகப் பேசக்கூடியவர். பாவம், பதவியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். நாற்காலி ஏழு மாதம் காலியாகக் கிடந்தது. அந்த ஏழு மாதமும் இப்படி ஒரு மாநிலம் இருப்பதே சபைக்கு ஞாபகமில்லை.

இடைத்தேர்தல் வந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் அடித்துக்கொண்ட நேரத்தில், படகில் போய்வருகிற ஜனங்கள் சேர்ந்து டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்ணை நிறுத்தினார்கள். கடைசிப் படகு கிளம்பிய பிறகும் யாராவது கைக்குழந்தையோடு ஓடிவந்தால் மணியடித்துத் திருப்பிக் கூப்பிடுகிறவள் என்று அவளுக்குப் பெயர். இருநூற்றுப் பதினோரு வாக்கில் ஜெயித்துவிட்டாள்!

இரண்டு நாள் ரயிலில் போய்க் காலையில் உறுதிமொழி எடுத்தாள். மத்தியானம் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். சாயங்காலம் அரசாங்கம் கவிழ்ந்தது, ராத்திரியோடு சபையையே கலைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அத்தை மறுபடி கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். 'ஒருநாள் மெம்பர்' என்று ஊரே கேலி செய்தது. "ஒரு நாளோ ஒரு வருஷமோ, நான் போனேன். நீ போனியா?" என்று சில்லறையோடு பதிலையும் சேர்த்துக் கொடுப்பாள்.

கேலியையாவது தாங்கிக்கொள்ளலாம். சபை வெளியிட்ட உறுப்பினர் பட்டியலில் வக்கீலுக்கு அடுத்து நேராக அடுத்த பொதுத்தேர்தல் ஆள் இருந்தார். நடுவில் அத்தை இல்லை. அவள் கேட்ட கேள்வி மட்டும் சபைக் குறிப்பில் அச்சாகியிருந்தது. அதையும் 'ஓர் உறுப்பினர்' கேட்டதாகப் போட்டிருந்தார்கள். நாற்காலி எண்கூட ஒதுக்காத புதுமுகத்தைச் சுருக்கெழுத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? மாமனார் உயிரோடு இருந்தபோது மூன்று தடவை எழுதிப் போட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்: 'தேர்தலில் வென்றது உண்மை. ஆனால் உறுதிமொழிப் பதிவேட்டில் தங்கள் மாநிலத்துக்கான பக்கத்தில் அவருடைய கையொப்பம் இல்லை. கையொப்பம் இடாதவர் உறுப்பினர் ஆகார்.' அதற்குப் பிறகு அத்தை அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. யாராவது கதை கேட்டால் மட்டும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள்.

ஒன்பது மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. மருமகள் தேநீர்த் தட்டோடு வந்தபோது, எதிர்வீட்டு டைலரக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காதுடி அது சொல்றது. புஸ்தகத்தைக் கொண்டாந்து நீட்டுனாங்களாம். நம்ம மாநிலத்துக்கு ஒரே ஒரு கோடு. அதுல செத்துப்போன வக்கீல் கையெழுத்து இருக்கு. 'செத்த மனுசன் மேலயா நான் கையெழுத்துப் போடுவேன்?'னு கேட்டுச்சாம். புஸ்தகத்தை நீட்டுன ஆளு முழிச்சானாம்!"

சுற்றி இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் நடந்தாள்.

அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு எழுதுகிறவள். இருபது வருஷமாக அதுதான் வேலை. வகுப்புக்கு இத்தனை கோடு என்று அளந்துதான் பதிவேடு வரும். வருஷ நடுவில் ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால், அந்த வகுப்புப் பக்கத்தில் இடம் இருக்காது. என்ன செய்வாள்? பக்கத்து வகுப்பில் காலியாக இருக்கிற கோட்டில் எழுதுவாள். அப்புறம் ஒரு குறிப்புப் போட வேண்டும். அவசரத்தில் பாதி நேரம் அதை மறந்துவிடுவாள். அத்தை இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறாள், இவளும் நூறு தடவை சிரித்திருக்கிறாள். ஒரு தடவையாவது 'அப்புறம் எங்கதான் போட்டீங்க?' என்று கேட்டாளா? இத்தனை நாள் நானும் ஒரு மனுஷியா என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பதிவறை அதிகாரி நான்காவது முயற்சியில்தான் போனை எடுத்தார்.

"அம்மா, உங்க மெம்பரும் சொன்னாரு. உங்க மாநிலப் பக்கத்தை இப்பதான் மறுபடி பாத்தேன். ஒரே கையெழுத்துதான், வக்கீலோடது. நான் என்னம்மா பண்ணட்டும்?"

"எங்க பக்கத்தைப் பாக்காதீங்க மேடம். எங்களுக்கு இருந்தது ஒரே கோடு. அதுல ஏற்கெனவே ஆள் இருக்காரு. பக்கத்து மாநிலத்தைப் பாருங்க. கடைசியில எங்கயாவது காலிக் கோட்டுல இருக்கும்."

"எண்பத்து நாலு பேரும்மா அவங்க."

"எண்ணிப் பாருங்க மேடம். கெஞ்சிக் கேக்குறேன். அத்தையைக் கூடத்துல கிடத்தியிருக்கு. நாலு மணிக்குக் கொண்டுபோயிடுவோம்."

"லைன்லயே இருங்க."

மேஜை இழுக்கும் சத்தம் கேட்டது, பிறகு தாள் புரளும் சத்தம். அந்த அம்மாள் வாய்க்குள் எண்ணுவதும் கேட்டது. மருமகள் கொல்லைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அறுபதைத் தாண்டியது, எழுபது, எண்பது. எண்பத்து நான்கில் குரல் நின்றது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் அதிகாரி மெதுவாக. "எண்பத்தஞ்சு. ஓரத்துல பென்சில்ல யாரோ கேள்விக்குறி போட்டிருக்காங்க. ஒரே ஆள் ரெண்டு தடவை போட்டுட்டார்னு நினைச்சு விட்டிருப்பாங்க போல. பேர் படிக்க முடியல, கிறுக்கலா இருக்கு."

"கீழே ரெண்டு கோடு இருக்கா மேடம்? ரெண்டாவது கோடு நீளமா, கடைசியில மேல தூக்கி?"

அத்தை கவுண்டரை மூடும்போது கடைசி டிக்கெட் எண்ணுக்குக் கீழே அப்படித்தான் இழுப்பாள். பழக்கம் விடாமல் மகனின் மதிப்பெண் அட்டை முதல் கேஸ் சிலிண்டர் புத்தகம் வரைக்கும் அதே இரண்டு கோடு.

"இருக்கும்மா" என்றார் அதிகாரி. "ஐயோ, இருக்கு! தேதியும் அதே தேதி."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கத்தில் அந்த அம்மாளும் மூக்கைச் சிந்தினார். முகம் பார்க்காத இரண்டு பெண்கள் ஒரு கையெழுத்துக்காக அழுதார்கள். முதலில் சுதாரித்துக்கொண்டவர் அதிகாரிதான்.

"மணி பத்தேகால். அவங்க கையெழுத்துப் போட்ட எதையாவது படம் எடுத்து அனுப்புங்க, ஒப்பிட்டுக் காட்டணும். சபையில என்ன பேசினாங்கன்னும் சொல்லுங்க. ஆள் அனுப்பினா லேட்டாகும், நானே எடுத்துட்டு ஓடுறேன்."

கேஸ் புத்தகம் போனது, படகுத்துறை அடையாள அட்டையும் போனது, அத்தை அன்று சபையில் கேட்ட கேள்வியும் போனது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. பத்தே முக்காலுக்குக் குடை மெம்பரிடமிருந்து மட்டும் ஒரு வரி வந்தது: 'மேடம் படியில ஓடுறதைப் பாத்தேன்க்கா.'

மருமகள் கூடத்துக்கு வந்து டி.வி.யைப் போட்டாள்.

"செத்த வீட்ல டி.வி.யா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" சின்ன மாமா நாற்காலியை விட்டு எழாமலே சத்தம் போட்டார். அவருக்கு மூட்டுவலி. யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார், கலெக்டர் வந்தபோதே எழுந்திருக்கவில்லை என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

அழுதுகொண்டிருந்த மகன் காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான். "இருக்கட்டும் மாமா. எங்கம்மாவுக்குத்தான்."

பதினோரு மணி. சபைத் தலைவர் வந்து அமர்ந்தார். ஒரு தாளை எடுத்து, ஒரு பெரிய மாநிலத்து முன்னாள் அமைச்சரின் பெயரைப் படித்தார். தாளைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று மருமகளுக்கு உயிரே போய்விட்டது. அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீண்டு இன்னொரு தாளை அவர் முன்னால் வைத்தது. தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அத்தையின் பெயரை முழுசாகச் சொன்னார். அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு சொன்னார். கூடத்தில் யாரோ "ஆ!" என்றார்கள்.

"அவர் இந்த அவையில் ஒரே ஒரு நாள் உறுப்பினராக இருந்தார். 'ஒருத்தர் செத்தா ஒரு மாநிலமே இங்க இல்லாமப் போகுது. எங்களுக்கு இன்னொரு நாற்காலி வேணும்' என்று அன்று கேட்டவர் அவர்தான். அவருடைய மாநிலத்துக்கு இரண்டாவது இடம் கேட்டு இந்த அவையில் ஒலித்த முதல் குரல் அது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடம் வழங்கப்பட்டது. அவைக் குறிப்பில் 'ஓர் உறுப்பினர்' என்று உள்ள இடத்தில் இனி அவர் பெயர் இருக்கும். உறுப்பினர் பட்டியலும் திருத்தப்படுகிறது. மறைந்தவர்களுக்காக அவை எழுந்து நிற்கும்."

அவை எழுந்தது. ஐந்நூறு பேர், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், பிரதமர் உட்பட. நடுவரிசையில் குடை மெம்பரும் டாக்டரம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இந்த மாநிலத்தின் இரண்டு நாற்காலிகளுக்கு முன்னால் இரண்டு பேர். பார்த்தீங்களா அத்தே, பாருங்க, நிக்கிறாங்க பாருங்க என்று மருமகளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. டைலரக்காதான் அவளுக்கும் சேர்த்துக் கத்தினாள்.

"ஒருநாள் மெம்பராம்ல? இப்பச் சொல்லுங்கடா பாப்போம்!"

கூடத்தில் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. மகன் எழுந்தான். வாசலில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்கள். படகுத்துறையிலிருந்து வந்த பழைய ஆட்கள் இருவர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். சின்ன மாமா நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்து நின்றார்.

டி.வி.யில் சபை உட்கார்ந்தது. அடுத்த வேலையைத் தொடங்கினார்கள். கூடத்தில் யாரும் உட்காரவில்லை. மருமகள் குனிந்து, அத்தையின் கால்மாட்டில் விலகியிருந்த போர்வையை இழுத்து விட்டாள்.

"அந்தத் தாளை எடும்மா" என்றார் சின்ன மாமா. அவள் இடுப்பிலிருந்து எடுத்து, மடிப்பைப் பிரித்து நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையில் நீலப் பேனா இருக்கிறதா என்று தேடினார்.