பானைச் சந்திரன்

மண்டைக்காட்டம்மை சாட்சி. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. குறைத்தது வேண்டுமானால் உண்டு, அதுவும் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால்தான்.

ஐம்பத்துநாலாம் வருஷம், ஆவணி மாதம். பள்ளிக்கூடக் கண்காட்சியில் பானைச் சந்திரனுக்கு அடியில் சாய்த்திருந்த அட்டையைச் செல்லபாய் மூன்றாம் தடவையாக வாசித்தாள். 'செய்தவர்: ரீத்தா, எட்டாம் வகுப்பு.' எழுத்தெல்லாம் குண்டு குண்டாக, அழகாகத்தான் இருந்தது. அவள் பெயர் மட்டும் இல்லை.

மனுஷன் சந்திரனில் கால் வைக்கும் காலம் வரும் என்று ஜெயசிங் சார் சொன்ன அன்றே அவளும் ரீத்தாவும் சேர்ந்து ஆரம்பித்த வேலை அது. பரிசு வாங்குகிறவர்களைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய்ப் பெரிய குழாய் வழியாக நிஜச் சந்திரனைக் காட்டுவார்களாம். செல்லபாய் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. நெல் அவிக்கும் பானைமேல் களிமண் பூசி, ஈரத்தில் ஈர்க்குச்சியால் இரண்டு பேர் பெயரையும் கீறினார்கள். தேங்காய்ச் சிரட்டையை அமுக்கிப் பள்ளங்கள் வைத்தார்கள். கடற்கரையில் சிப்பி பொறுக்கி வந்தது ரீத்தா. செல்லபாயின் அப்பாவுக்குச் சுண்ணாம்புச் சூளை. அதில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, பெயர்கள் மறைய ஏழு பூச்சுப் பூசியது செல்லபாய். சுற்றுவட்டாரத்துக் கோழிகள் அதைப் பார்த்துப் பௌர்ணமி என்று நினைத்து மூன்று நாள் கூவாமல் இருந்தன.

முந்தின நாள் சாயங்காலம் பானை மேசையில் உருண்டது. கனத்துக்காக, சூளையிலிருந்து வந்த சுட்ட சிப்பியை, தண்ணீரே காட்டாததை, ஒரு சொட்டுப் பட்டாலும் கொதித்துப் பொங்குவதை, செல்லபாய் தனியாக வாய்வரை அடைத்து வைத்தாள். காலையில் ரீத்தாவிடம் சொல்ல நினைத்திருந்தாள். காலையில் அட்டையைப் பார்த்தாள்.

"ஏட்டி, எனக்க பேரு எங்கட்டீ?"

"ஒரு ஆளத்தான் கூட்டிட்டுப் போவாவளாம். ஒனக்க அப்பன் எப்படியும் விடமாட்டாருல்லா?"

"கேட்டியா நீ? எங்க அப்பன்கிட்ட போயி கேட்டியா?"

ரீத்தா பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

பரிசு கொடுக்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். "இது ஆரு செய்தது?"

"நானாக்கும் சார்," என்றாள் ரீத்தா, செல்லபாயின் தோளை உரசிக்கொண்டு நின்றே.

"மிடுக்கி!" என்று மெச்சினார் அவர்.

வந்தவருக்குப் பன்னீர் தெளிக்கும் செம்பையும் ரீத்தா கையிலேயே கொடுத்தார்கள். அவர் சிரித்தபடி, "சந்திரனுக்கும் ரெண்டு துள்ளி தெளி, பிள்ளே," என்றார்.

'வேண்டாம்டீ' என்ற சொல் செல்லபாயின் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். ரீத்தா செம்பை உதறிய வேகத்தில் மூடி கழன்று, பன்னீர் முழுக்கப் பானை வாய்க்குள் போயிற்று.

முதலில் சீறல். பிறகு புகை. பிறகு சந்திரன் மேசையைவிட்டு எழுந்து, அவசரப்படாமல், கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு கிழக்கே போயிற்று. யாருக்கும் காயமில்லை. இன்ஸ்பெக்டரின் மீசை மட்டும் அன்று வெளுத்தது, பென்ஷன் வாங்கும்வரை கறுக்கவில்லை. அன்று மாலை மண்டைக்காட்டுக் கடலுக்கு மேலே இரண்டு சந்திரன்கள் நின்றதை மீன்காரர்கள் பார்த்தார்கள். ஒன்றில் சிரட்டைத் தடம் இருந்தது.

திரும்பி விழுந்தது பானையின் ஒரே ஒரு ஓட்டுத்துண்டு. பூச்சு உதிர்ந்து அதில் 'ரீத்தா' என்று மட்டும் தெரிந்தது.

"ஒனக்குத் தெரியும்லா?" ரீத்தா அந்தத் துண்டை எடுத்து நீட்டினாள். "ஏன்டீ சொல்லல்ல?"

செல்லபாய் கூரை ஓட்டைக்கு நேர்கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். மிச்சப் பெயர் போன வழியில் சுண்ணாம்புப் பொடி இறங்கி, அவள் இமைகளில் படிந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்ததே ஐம்பத்தெட்டாம் வருஷம்தான் என்பார்கள்; மண்டைக்காட்டம்மையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.