நெல்லியடியில் ஒரு சர்வதேச வளாகம்

என்னை எந்தப் பயிற்சி நெறியில் சேர்ப்பது என்று முடிவுசெய்ய எங்கள் வீட்டில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இயங்கியது. அம்மா, அப்பா, கனடாவில் இருக்கும் தில்லைநாதன் மாமா. படிக்கப் போகிறவள் நான் என்பதால் என்னை அதில் சேர்க்கவில்லை. பக்கச்சார்பு வந்துவிடும் என்று பயந்திருக்கலாம்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது. வராத குரலுக்காகத் தினமும் தண்டனையாக வகுப்பு வாங்கின்மேல் ஏறி நிற்பதைவிட வீட்டில் இருப்பது நல்லது என்று நினைத்தேன்; நான்கு வருடம் இருந்தும்விட்டேன். யாராவது வந்தால் குசினிக்குள் மறைந்துவிடும் பிள்ளை என்று புத்தூரில் எனக்கு நல்ல பெயர்.

போன வருடம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு எட்டு வாரம் படுக்கை. அவரைப் புரட்டியதும் துடைத்ததும் பெட்பான் வைத்ததும் நான்தான். அப்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். படுத்திருக்கும் மனிதரிடம் எனக்குக் கூச்சம் வருவதில்லை.

கிளினிக்கில் அம்மாவின் முதுகைப் பார்த்த தாதி ஆச்சரியப்பட்டார். "ஒரு புண்ணும் இல்லையே! ஆர் பாத்தது, நீரோ? நீர் இதைப் படிக்கலாம். ஆனால் படிக்கிற கோசுக்கு அங்கீகாரம் இருக்கோ எண்டு பாத்துச் சேரும். படிப்பிக்கிற இடம் பதிஞ்சிருக்கிறது வேறை, கோசுக்கு அங்கீகாரம் இருக்கிறது வேறை. அது இல்லாத சேட்டிபிக்கற்றை நல்ல இடம் ஒண்டும் எடுக்காது."

எங்களுக்கு எட்டிய தூரத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, கரவெட்டிப் பக்கம் ஓர் அரச பயிற்சி நிலையம். தாதி உதவியாளர் பயிற்சி. ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் ஆஸ்பத்திரி விடுதியில் நோயாளிகளோடு வேலை. வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் முடிகிறது. தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடத்துக்குள் அம்மா எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து முடித்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

மற்றது நெல்லியடியில் இருந்த 'வைட் ஸ்வான் இன்டர்நஷனல் ஹெல்த் கம்பஸ்'. மூன்று மாதத்தில் டிப்ளோமா. முடிவில் பட்டமளிப்புக் கவுண் போட்டுப் படம் எடுத்துத் தருவார்கள்.

குழு கூடியது. எங்களுக்குப் பின்னேரம், மாமாவுக்குக் காலை. போனின் திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"உந்த உதவியாளர் எண்டதை வெளியிலை சொல்லேலாது," என்றார் அம்மா. "ஆய் அள்ளுற வேலை எண்டுதான் சனம் கதைக்கும்."

அவருடையதை எட்டு வாரம் அள்ளிய நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

"அக்கா, நெல்லியடிக்காரர் இன்டர்நஷனல் எண்டு போட்டிருக்கினமோ?" என்றது நெற்றி.

"பெரிய எழுத்திலை போட்டிருக்கடா."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு சேருங்கோ. இஞ்சை உதைத்தான் பாப்பினம்."

மாமா கனடாவில் இருபத்திரண்டு வருடமாக ஒரு பேக்கரிக்கு லொறி ஓட்டுகிறார். ஆகவே சுகாதாரத் துறை அவருக்குக் கைவந்த விடயம்.

"ஹோலிலை மாட்ட ஒரு கவுண் படம் வேணுமெல்லே," என்று அம்மா முடித்து வைத்தார். "பொம்பிளை பாக்க வாறவை முதலிலை சுவரைத்தான் பாப்பினம். அதுக்குப் பிறகுதான் பிள்ளையை."

"கிழங்குக்குத் தண்ணி கட்டோணும்," என்றார் அப்பா. அது அவருடைய வாக்கு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வியாழக்கிழமை அம்மா, அப்பா, நான் மூவரும் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி நெல்லியடியில் இறங்கினோம். சர்வதேச வளாகம் ஒரு மாபிள் கல் கடையின் மேல்மாடியில் இருந்தது. படிகள் ஒடுக்கம். இடுப்பு முறிந்தவர்கள் ஏறக்கூடிய படிகள் அல்ல. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

உள்ளே ஒரு கட்டிலில் நோயாளி படுத்திருந்தாள். பழைய புடவைக்கடைப் பொம்மை. கையில் சேலைன் குழாய், உதட்டில் சிவப்புப் பூச்சு. என்ன வருத்தம் வந்ததோ தெரியாது, சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"வாங்கோ அம்மா, இருங்கோ. ஐயா, கதிரையை இழுத்துப் போடுங்கோ," என்று கழுத்துப்பட்டியோடு ஓர் இளைஞர் வரவேற்றார். வளாகத்தின் பணிப்பாளர், ஜெயதீபன் சேர். "தங்கச்சிதானே படிக்கிறது? முகத்திலேயே சேவை மனப்பான்மை தெரியுது."

என் முகம் அப்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியிலை வேலை பழக்குவியளோ?" என்று அம்மா கேட்டார்.

"அதுக்கு அவசியமே இல்லை அம்மா. எல்லாம் வீடியோ. பிள்ளையளின்ரை கை அழுக்காகாது."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அங்கீகாரம் எல்லாம் இருக்குத்தானே தம்பி?"

"பின்னை? பின்னாலை பாருங்கோ, பிரேம் போட்டு மாட்டியிருக்கு."

மூவரும் திரும்பினோம். சுவரில் அந்தப் பத்திரம் தொங்கியது. போன மாதத்து வாணி விழாவில் அதையும் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் மாலை, திருநீற்றுக் கீறு, கண்ணாடியின் மேல் மூன்று சந்தனப் பொட்டுகள். அம்மா கை கூப்பாததுதான் மிச்சம்.

கூச்சமுள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் கதைக்கும்போது சுவரை வாசிக்கலாம். அம்மா கவுணின் நிறத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியதும் நான் எழுந்து கிட்டப் போனேன். நிறுவனத்தின் பெயர் இருந்தது. பதிவு இலக்கம் இருந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட பாடநெறி' என்ற சொற்களும் இருந்தன. அதற்கு நேரே பாடநெறியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், மூன்று பொட்டுகளிலும் பெரிய பொட்டு இருந்தது. பக்தி மிகுந்தவர் யாரோ அளந்து வைத்திருக்கிறார்.

நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் துகளாக உதிர்ந்தது.

"தங்கச்சி என்ன செய்யிறீர்?"

வேறு ஒரு நாளாக இருந்தால், ஒன்றும் இல்லை என்று வந்து இருந்திருப்பேன். ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"சேர், இது... இது அழகுக்கலைக் கோசுக்கு."

"என்னவாம்?" என்றார் அம்மா.

"அழகுக்கலை அம்மா. முகம் பூசுறது, தலை இழுக்கிறது. அதுக்கு மட்டும்தான் அங்கீகாரம். தாதி உதவியாளருக்கு இல்லை."

ஜெயதீபன் சேர் சிரித்தார். பொம்மையின் சிரிப்பும் அவருடைய சிரிப்பும் ஒரே கடையில் வாங்கியவை போல இருந்தன. "தங்கச்சிக்கு விளங்கேல்லை. வீட்டுக்குக் கரண்ட் எடுத்தால் எல்லா அறையிலும் லைற் எரியும்தானே? அது மாதிரித்தான்."

அம்மா தலையாட்டினார். "சேருக்குத் தெரியாததே? வந்து இரடி."

அதுவரை யன்னலால் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நான் கிழங்கு போடுற ஆள். விதைக்கிழங்கு எடுக்கப் போனால் கடைக்காரன்ரை லைசென்சை நாங்கள் பாக்கிறேல்லை. அது சுவரிலை தன்ரை பாட்டிலை தொங்கும். ஒவ்வொரு சாக்கிலையும் ஒரு சீட்டுக் கட்டியிருக்கும், அதைத்தான் பாப்பம். பீற்றூட் விதைக்கு வந்த சீட்டைக் கழட்டிக் கிழங்குச் சாக்கிலை கட்டினால் என்ன முளைக்கும்?"

"ஐயா, இந்தக் கோசுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறம். கெதியா வந்திடும்."

"நல்லது. முளைச்சாப் பிறகு சொல்லுங்கோ, வாறம்," என்று அப்பா எழுந்தார்.

படியிறங்கும்போது அம்மா என் தோளைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "எவ்வளவு மரியாதையாக் கதைச்ச பிள்ளை. பொட்டைச் சுரண்டிப்போட்டு வந்திருக்கிறாள், விசரி."

ஓட்டோ பிடித்துக் கரவெட்டிக்குப் போனோம். பயிற்சி நிலையத்தில் சர்வதேசம் எதுவும் இல்லை. மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுற்றியது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் விண்ணப்பப் படிவத்தை நீட்டி, "ஆர் படிக்கிறது?" என்றார்.

"இவள்தான். வாய் திறவாள்," என்றார் அம்மா.

"இந்தக் கோசின்ரை அங்கீகாரப் பத்திரத்தைப் பாக்கலாமோ மிஸ்?" என்று கேட்டேன்.

அவர் தன்னுடைய சாதகத்தைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். "அரசாங்கத்திலையே நம்பிக்கை இல்லையோ பிள்ளை?"

"காட்டுங்கோவன், நாங்களும் பாப்பம்," என்றார் அப்பா.

இரண்டு அலுமாரிகளைத் திறந்து, மூன்றாவதுக்குத் திறப்பைத் தேடி, முணுமுணுத்துக்கொண்டே ஒரு கோவையைக் கொண்டுவந்து போட்டார். தாதி உதவியாளர் என்று இருந்தது. தரம் இருந்தது. அடுத்த வருட முடிவுவரை செல்லும் என்ற திகதியும் இருந்தது. இரண்டு முறை வாசித்துவிட்டுப் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் இருந்தார். நான் அவர்களை ஒட்டி நின்றேன். எங்கே போய் வருகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டதும், அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, "மகள் நேர்சிங் படிக்கப் போறாள்," என்றார்.

"நேர்சிங் இல்லை அம்மா. தாதி உதவியாளர்," என்றேன். பஸ்ஸின் பாட்டுக்கு மேலே கேட்க வேண்டியிருந்ததால் கத்தித்தான் சொன்னேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப ஆக்களைக் குளிப்பாட்டிறதெல்லாம் செய்வியோ?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

"ஓம்."

அம்மா யன்னல் பக்கம் திரும்பினார். பஸ் நின்றிருந்தால் இறங்கியிருப்பார்.

"எங்கடை மனிசன் ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதமாக் கிடக்கிறார் பிள்ளை," என்றார் அந்தப் பெண். "முதுகெல்லாம் புண். எனக்கு ஆளைப் புரட்டவே தெரியேல்லை. கையைப் பிடிச்சு இழுக்கிறன், கத்துறார்."

"கையைப் பிடிக்கக் கூடாது," என்று தொடங்கினேன்.

"கையைப் பிடிச்சு இழுக்கிறதோ! ஐயோ, அது கொல்லும்," என்று அம்மா குறுக்கே விழுந்தார். "தோளிலை ஒரு கை, தொடையிலை ஒரு கை. சேத்து ஒரேயடியா உருட்டோணும். எனக்கு இவள் அப்பிடித்தான் செய்தவள். எட்டுக் கிழமை கிடந்தனான், முதுகிலை ஒரு கீறல் இல்லை, தெரியுமே? ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டோணும். முழங்காலுக்கு நடுவிலை ரெண்டு தலைகணி."

"ஒண்டு காணும் அம்மா, ரெண்டு கூடிப்போகும்."

"உனக்கென்னடி தெரியும்? கிடந்தது நான்."

புத்தூர்ச் சந்தி வரும்வரை அந்த விடயத்தில் நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை.